கார் கதவு ரப்பருக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்காதீங்க



போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். "மாமா, கார் கதவு திறக்கறப்பவும் மூடறப்பவும் கீச்சு கீச்சுன்னு கத்துது. வெயில்ல நிறுத்தி வச்சா ரப்பர் ஒட்டிக்குது, பிச்சு எடுக்கற மாதிரி திறக்க வேண்டியிருக்கு. தேங்காய் எண்ணெய் தடவலாமுங்களா? நீங்க ஊர்ல இதுக்கு என்ன போடுவீங்க?"ன்னு கேட்டார்.

"எதையும் தடவாதீங்க மாப்பிள்ளை, நான் எழுதறேன், படிச்சுட்டு அப்புறம் செய்யுங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன். போன்லயே ரெண்டு வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேக்கலை. டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க, பழக்கமானவங்க எல்லாரும் என்கிட்ட இதே மாதிரிதான் கேக்கறாங்க. விவசாயின்னா அவன்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு எண்ணெய் இருக்கும், ஒரு தழை இருக்கும், செலவில்லாத ஒரு வைத்தியம் இருக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை மேலதான் எனக்குச் சண்டை. அதுல நானே விழுந்து, என் பேத்தியைப் பறிகொடுக்கப் பார்த்தவன். அதனால கொஞ்சம் காரமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

எனக்கு கீழ்பவானி பாசனத்துல 3 ஏக்கர். மஞ்சளும் வாழையும் போக, அரை ஏக்கர்ல தக்காளி, கத்தரி, மிளகாய்னு ஏதாவது இருக்கும். காயை உழவர் சந்தைக்குக் கொண்டுபோக பழைய வேன் ஒண்ணு வாங்கினேன். எத்தனையாவது கைன்னு எனக்கே தெரியாது. வாங்கும்போதே பின் கதவு கத்தும். அப்போ வாட்டர் சர்வீஸ் பண்ற இடத்துல இருந்த பையன், "அண்ணா, பீடிங் ரப்பர் காஞ்சு போச்சு, கிரீஸ் தடவுங்க, மெத்துனு ஆயிடும்"னான். நானும் சரின்னு, கிணத்து மோட்டார் பேரிங்குக்கு வச்சிருந்த கிரீஸை எடுத்து நாலு கதவு ரப்பருக்கும் தாராளமா அப்பினேன். கீச்சுச் சத்தம் அன்னைக்கே நின்னுபோச்சு. எனக்கு ஒரே பெருமை. காசே செலவில்லாம முடிச்சுட்டேன்னு வீட்ல பீத்திக்கிட்டேன். மாசம் ஒரு தடவை கிரீஸ். வாட்டர் சர்வீஸ் விடும்போதெல்லாம் அவங்க அடியில டீசல் அடிச்சு, அப்படியே கதவோரத்துக்கும் ஒரு வீச்சு விடுவாங்க. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலை. பளபளன்னு இருந்துச்சே.

ஆறேழு மாசம் போச்சு. ரப்பர் மெத்துனு ஆச்சு, வாஸ்தவந்தான். ஆனா மெத்துனு ஆனதோட நிக்கலை. ஊறின இட்லி மாதிரி உப்பிப் போச்சு. விளிம்புல கவ்விக்கிட்டு இருக்க வேண்டியது அங்கங்க கழண்டு தொங்குச்சு. கதவை மூடினா உள்ள இருந்து ரப்பர் வெளிய தள்ளும். ஓங்கி அடிச்சாத்தான் மூடும். நான் ஓங்கி அடிப்பேன். வீட்டுக்காரம்மா மெதுவாத்தான் மூடுவாங்க.

கார் கதவுப் பூட்டுல ரெண்டு கடி உண்டு. முதல் கடியில கதவு மூடின மாதிரி தெரியும், ஆனா முழுசா மூடியிருக்காது. ரெண்டாவது கடியிலதான் கதவு உறுதியா நிக்கும். உப்பின ரப்பர் தள்ளிக்கிட்டே இருந்தா மெதுவா மூடற கதவு முதல் கடியிலேயே நின்னுடும். புது வண்டியா இருந்தா முன்னாடி ஒரு விளக்கு எரிஞ்சு சொல்லும். என் வேன்ல அந்த விளக்கெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு.

ஐப்பசி மாசம், மழை பிடிச்சுக்கிட்ட ஒரு சாயங்காலம். பேத்திக்குக் காய்ச்சல்னு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். பின் சீட்ல வீட்டுக்காரம்மா, அவங்க பக்கத்துல கதவோரமா பேத்தி. நாலு வயசு. வாய்க்கால் பாலத்துக்கு முன்னாடி ஒரு வளைவு இருக்கு, அங்க வண்டியைத் திருப்பறேன், பின்னாடி கதவு படார்னு திறந்துக்கிச்சு. குழந்தை கதவுல சாஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. வீட்டுக்காரம்மா பாவாடையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. இழுக்கலைன்னா? அதுக்கு மேல எழுத எனக்குக் கை வரலீங்க. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

கதவு திறந்ததுக்கு ரப்பர் மட்டுமா காரணம்னு கேட்டா, இல்லை. குழந்தையைக் கதவோரம் உக்கார வச்சது தப்பு, மூடினதைச் சரிபார்க்காதது தப்பு, உள் பூட்டைப் போடாதது தப்பு. எல்லாம் என் தப்பு. ஆனா அந்தக் கதவைப் பாதியில நிறுத்தினது நான் அப்பின கிரீஸ். அதை மறைக்க முடியாது.

அதுக்கப்புறம்தான் விசாரிக்க ஆரம்பிச்சேன். பெரிய மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போய் உக்காந்து கேட்டேன். படிச்ச பிள்ளைங்ககிட்ட கேட்டேன். நான் பத்தாவதோட நின்னவன். ஆனா விஷயம் ஒண்ணும் புரியாததில்லை, பழமொழியாவே நம்மகிட்ட இருக்கு. இனம் இனத்தோட சேரும்.

இன்னைக்கு ஓடற கார்கள்ல பெரும்பாலும் கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர், மரத்துல பால் வடிச்சு எடுத்த ரப்பர் இல்லீங்க. ஈ.பி.டி.எம். னு ஒரு செயற்கை ரப்பர். 1960-கள்ல சந்தைக்கு வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் காத்துல இருக்கிற ஓசோனுக்கும் அசராது. மர ரப்பர் வெயில்ல கிடந்தா நாலு வருஷத்துல பாளம் பாளமா வெடிக்கும், பழைய டியூபைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். இது அப்படி வெடிக்காது. அதனாலதான் கதவுக்கு இதைப் போடறாங்க.

ஆனா இந்த ரப்பர் பிறந்ததே பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற வாயுவுல. டீசல், சீமெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் அதே பெட்ரோலியத்துக்குப் பிறந்த பிள்ளைங்க. ஒரே ரத்தம். அதனால எண்ணெய் வந்ததும் ரப்பர் கதவைத் திறந்து உள்ள விட்டுடுது. எண்ணெய் உள்ள போய் உக்காந்துக்கும், ரப்பர் உப்பும், பலம் போகும், வடிவம் மாறும். ஒரு நாள் கையில ஒட்டின கிரீஸ் பட்டா ஒண்ணும் ஆயிடாது. மாசா மாசம் ஊட்டிவிட்டா நடக்கும். நான் ஊட்டிவிட்டேன்.

நம்பிக்கை இல்லாதவங்க நான் செஞ்ச மாதிரி செஞ்சு பாருங்க. பழைய இரும்புக் கடையில கார் பீடிங் துண்டு கிடைக்கும். ரெண்டு துண்டு, 10 செ.மீ. அளவுக்கு வெட்டிக்கிட்டேன். ஒண்ணை ஒரு டப்பாவுல டீசல் ஊத்திப் போட்டேன், இன்னொண்ணைத் தண்ணியில போட்டேன். நாலாம் நாள் எடுத்து அளந்தேன். தண்ணியில கிடந்தது அப்படியே 10. டீசல்ல கிடந்தது 12-க்குப் பக்கம் வந்துருச்சு. அகலத்துலயும் உப்பல். பிடிச்சு இழுத்தா கொழகொழன்னு பிஞ்சுக்கிட்டு வருது. அந்த ரெண்டு துண்டையும் இன்னும் மாட்டுக் கொட்டாய் மாடத்துல வச்சிருக்கேன், யாராவது கிரீஸைப் பத்திப் பேசினா எடுத்துக் காட்டறதுக்கு.

இதுல எனக்கு என்ன வெக்கம்னா, இந்த விஷயம் எல்லாம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்ததுதான்.

பால் கறக்கிற மிஷின் ஒண்ணு சொசைட்டி மூலமா வாங்கி வச்சிருக்கேன். காம்புல மாட்டற ரப்பர் குழாயை மாடு கறந்ததும் ஏன் சுடுதண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவணும்? பாலுல இருக்கிற கொழுப்பு ரப்பர்ல ஊறிக் கெடுத்துடும்னுதான். அந்தக் கொழுப்பைத் தாங்கறதுக்குன்னே நைட்ரைல்னு வேற ஜாதி ரப்பர்ல செய்யறாங்க. வயலுக்குப் போடற பி.வி.சி. பைப்புல ரப்பர் வளையம் வச்ச இணைப்பு இருக்குல்ல, அதைச் சொருகறப்ப பிளம்பர் எண்ணெய் போடுவாரா? சோப்புத் தண்ணிதான் போடுவார். டயர் மாத்தற கடையில போய் நின்னு பாருங்க. ரிம்முல டயர் ஏறலைன்னா சோப்புத் தண்ணியைத் தடவித்தான் ஏத்துவாங்க. அந்தக் காலத்து சைக்கிள் கடைக்காரர் டியூபை டயருக்குள்ள விடறதுக்கு முன்னாடி வெள்ளைப் பவுடரைத் தூவுவார். இவங்கள்ல ஒருத்தர்கூட ரப்பருக்குக் கிரீஸ் போடலை. எல்லாத்தையும் கண்ணால பார்த்தவன்தான் நான். ஆனா கார்னு வந்ததும் புத்தி கழண்டு போச்சு.

இப்ப "இயற்கை எண்ணெய்" பேச்சுக்கு வர்றேன். இதுதான் டவுன்காரங்களுக்கு நான் சொல்ல நினைச்சது.

தேங்காய் எண்ணெய் தடவலாமான்னு கேக்கறீங்க. அது சமையலுக்கு ஆகும், தலைக்கு ஆகும். ரப்பருக்கு ஆகாது. தடவின அன்னைக்குப் பளபளப்பா இருக்கும். அப்புறம் ரோட்டு மண்ணு வந்து ஒட்டும். மண்ணும் எண்ணெயும் சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி. கதவு திறந்து மூடற ஒவ்வொரு தடவையும் ரப்பரைத் தேய்க்கும், பெயிண்ட்டையும் தேய்க்கும். கொஞ்ச நாள்ல எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். எறும்பு வரும். எங்க ஊர்ல ஒருத்தர் கடலை எண்ணெய் தடவினார். எலி வந்து ரப்பரைக் கடிச்சதோட விடலை, உள்ள போய் ஒயரையும் கடிச்சு வச்சுட்டுது. எலிக்குப் படையல் போட்டுட்டு எலியைத் திட்டி என்ன பிரயோஜனம்?

"அப்ப விளக்கெண்ணெய்?"னு கேப்பீங்க. கேளுங்க, அதுல ஒரு நல்ல சேதி இருக்கு. எங்க அப்பாரு காலத்துல மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலைக் கரிச்சு, அந்தக் கரியில விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு மை போடுவாங்க. அந்தக் காலத்துக் காருக்கு ஊத்தின பிரேக் ஆயிலும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். ஏன்னா பிரேக்குக்குள்ள இருந்த ரப்பரை விளக்கெண்ணெய் கெடுக்கலை. பெட்ரோலிய எண்ணெய் கெடுத்துச்சு. இன்னைக்கும் பிரேக் ரப்பருக்குன்னே விளக்கெண்ணெயில செஞ்ச சிவப்பு கிரீஸ் ஒண்ணு இருக்கு. பாருங்க, அன்னைக்கு வெள்ளைக்காரன் விளக்கெண்ணெயை எடுத்தது அது இயற்கைங்கிறதுக்காக இல்லை. எந்த ரப்பருக்கு எது ஆகும்னு பார்த்து எடுத்தான். எங்க அப்பாருவும் அப்படித்தான், அச்சுக்கு எது ஆகும்னு பார்த்துத்தான் போட்டார். அதே மையைக் கொண்டுபோய்க் கதவு ரப்பருக்குப் போடச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார். விளக்கெண்ணெய் ரப்பரை அவ்வளவாக் கெடுக்காது, ஆனா பிசினா ஒட்டும், மண்ணைச் சேர்க்கும், உக்கார்றவங்க சட்டையில கறை பண்ணும். கதவுக்கு வேண்டாம்.

பிரேக்குன்னதும் இன்னொண்ணு சொல்லியே ஆகணும். பிரேக் ஆயில் குறைஞ்சிருக்குன்னு தப்பித்தவறிகூட என்ஜின் ஆயிலையோ வேற எண்ணெயையோ அதுல ஊத்திடாதீங்க. இதே கதைதான் அங்கயும். உள்ள இருக்கிற ரப்பர் உப்பும், பிரேக் போகும். கதவு ரப்பர்ல நடக்கறது கண்ணுக்குத் தெரியும். பிரேக்குல நடக்கறது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

அடுத்தது வாஸ்லின். "மாமா, அது தோலுக்கே போடறோம், ரப்பருக்கு என்ன ஆகும்?"னு என் மச்சினர் பையன் கேட்டான். தோல் வேற, ரப்பர் வேற கண்ணு. வாஸ்லின் பெட்ரோலியத்துல இருந்து வர்றது. குழந்தைக்குத் தடவற பேபி ஆயில்லயும் பெரும்பாலும் அதே வகை எண்ணெய்தான். வாசனை மட்டும் வேற. அதே இனம், அதே உப்பல்.

அப்புறம் துரு பிடிச்ச நட்டுக்கு அடிக்கிற டப்பா, டபிள்யூ டி 40. அது 1953-ல அமெரிக்காவுல சான் டியாகோவுல கண்டுபிடிச்சது. தண்ணியை விலக்கித் துருப்பிடிக்காம வைக்கறதுக்குச் செஞ்சது. நாப்பதாவது முயற்சியில வந்ததால பேர்லயே 40 இருக்கு. இறுகின நட்டுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, என் மோட்டார் ரூம்ல எப்பவும் இருக்கும். ஆனா அதுல இருக்கிறது பெரும்பங்கு பெட்ரோலியச் சரக்கு. கதவு ரப்பருக்கு மசகு போடறதுக்குன்னு செஞ்சது இல்லை. அந்தக் கம்பெனியே சிலிகான் ஸ்பிரேன்னு தனியா ஒரு டப்பா விக்குது. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகும்னா அவன் எதுக்கு ரெண்டாவது டப்பா விக்கறான்?

சரி, எதைத்தான் போடறது? சிலிகான்.

சிலிகான் எண்ணெய்க்கு மூலம் மணல். மணல்ல இருந்து பிரிக்கிற சிலிக்கானை வச்சுச் செய்யறது. கதவு ரப்பருக்கு இது வேற இனம், சம்பந்தம் கலக்காது. மேல படிஞ்சு வழவழப்பைக் கொடுக்கும், உள்ள ஊறி உப்ப வைக்காது. தண்ணியில சுலபமாக் கரையாது, சித்திரை வெயிலுக்கு உருகாது. இதுல இன்னொண்ணு. ரப்பரே சிலிகான்ல செஞ்சதா இருந்தா அதுக்குச் சிலிகான் எண்ணெய் ஆகாது. அங்கயும் இனம் இனத்தோட சேர்ந்துடும். குக்கர் கேஸ்கெட்ல சிலது சிலிகான், சிலது நைட்ரைல். அதனால "ரப்பர்"னு ஒரே பேரைச் சொல்லிட்டு எல்லாத்துக்கும் ஒரே மருந்து தேடாதீங்க. மாடு, ஆடு, கோழி எல்லாத்துக்கும் ஒரே தீவனமா வைக்கறோம்?

கடையில ரெண்டு விதமாக் கிடைக்கும். டியூப்ல வர்ற சிலிகான் கிரீஸ், டப்பாவுல வர்ற சிலிகான் ஸ்பிரே. கதவு பீடிங்குக்கு என் ஓட்டு கிரீஸுக்குத்தான். தடவின இடத்துல நிக்கும். கொஞ்சமாத்தான் ஆகும், ஒரு டியூப் வாங்கினா வருஷக்கணக்குல வரும். வாங்கும்போது "சிலிகான்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கிறதை மட்டும் நம்பிடாதீங்க. பின்னாடி சின்ன எழுத்துல பெட்ரோலியம் கலந்திருக்கான்னு பாருங்க, ரப்பருக்குப் பாதுகாப்புன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. பூச்சி மருந்து வாங்கறப்ப நாங்க எத்தனை தடவை ஏமாந்து இந்தச் சின்ன எழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டோம் தெரியுமா? என் வண்டியோட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். உங்களுக்கு அது படிக்க வரும். வந்தும் நீங்க அதைப் பிரிச்சுப் பார்க்கறது இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

செய்யற முறையைச் சொல்றேன், கஷ்டமே இல்லை.

முதல்ல சத்தம் ரப்பர்ல இருந்துதான் வருதான்னு பாருங்க. கதவை ஆட்டினாலே கத்தினா அது கீல். கீலுக்கும் பூட்டுக்கும் இரும்புக்குப் போடற கிரீஸ்தான் போடணும், அங்க அதுதான் சரி. வண்டி குண்டு குழியில போறப்ப மட்டும் கத்தினா, இல்லை திறக்கறப்ப ஒட்டிப் பிரியற சத்தம் வந்தா, அது ரப்பர். பாதி சமயம் ரப்பர் மேல பழியைப் போட்டுட்டு கீலைக் கவனிக்காம விட்டுடறோம்.

ரெண்டாவது, ஒரு தாளைத் துண்டாக் கிழிச்சு கதவுக்கும் ரப்பருக்கும் நடுவுல வச்சு மூடி இழுத்துப் பாருங்க. இறுக்கிப் பிடிச்சா ரப்பர் நல்லா இருக்கு. வழுக்கிக்கிட்டு சும்மா வந்துட்டா அந்த இடத்துல ரப்பர் செத்துப்போச்சு, மழைத்தண்ணி அங்கதான் வரும். செத்த ரப்பருக்கு எதைத் தடவினாலும் பிரயோஜனம் இல்லை, மாத்தணும். கிழிஞ்சதும் உப்பினதும் அப்படித்தான். நான் நாலு கதவுக்கும் மாத்தினேன். மிச்சம் பிடிச்சதா நினைச்ச காசைப் போல பல மடங்கு ஆச்சு.

மூணாவது, கழுவறது. பாதி வைத்தியம் இதுலயே முடிஞ்சுடும். ஷாம்பு ரெண்டு சொட்டு விட்ட தண்ணியில துணியை நனைச்சு ரப்பரையும், அது போய் உக்கார்ற இரும்பு விளிம்பையும் துடைங்க. மண்ணு எவ்வளவு வருதுன்னு பார்த்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். அப்புறம் நல்ல தண்ணியில துடைச்சு, நிழல்ல காய விடுங்க. கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியறதுக்கு விட்டது. மண்ணு அடைச்சிருந்தா ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி விடுங்க. அது அடைச்சா கதவு உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும்.

நாலாவதுதான் தடவறது. பட்டாணி அளவு எடுத்து, துணியிலயோ விரல்லயோ வச்சு ஒரே சீரா இழுத்துட்டுப் போங்க. பத்து நிமிஷம் விட்டு வேற துணியால துடைச்சு எடுங்க. தடவின மாதிரியே தெரியக் கூடாது, தொட்டா மட்டும் வழுவழுன்னு இருக்கணும். ஸ்பிரேயா இருந்தா ரப்பர் மேல நேரா அடிக்காதீங்க, துணியில அடிச்சுத் தடவுங்க. காத்தோட்டமான இடமா இருக்கணும், பக்கத்துல பீடி, சிகரெட், அடுப்பு கூடாது, அந்த டப்பா சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு. முன் கண்ணாடியில பட்டா மழையில வழி தெரியாது. பிரேக் தட்டுல, மிதிக்கிற பெடல்ல, ஸ்டியரிங்ல படவே கூடாது. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போறதா இருந்தா அடிச்சு முடிக்கிற வரைக்கும் சிலிகானே வேண்டாம், பெயிண்ட் ஒட்டாம குழி குழியா வாங்கிடும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். மாசி கடைசியில வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஒண்ணு, புரட்டாசியில மழைக்கு முன்னாடி ஒண்ணு. ஆத்திரம் அவசரத்துக்குச் சிலிகான் கிடைக்கலையா? நல்லாக் கழுவிக் காயவச்சு, வீட்ல இருக்கிற முகப்பவுடரை லேசாத் தூவித் துடைச்சு விடுங்க. அந்த சைக்கிள் கடை வைத்தியம்தான். மழை வந்தாக் கழுவிக்கிட்டுப் போயிடும், ஆனா கெடுதல் பண்ணாது. இல்லைன்னா மருந்துக் கடையில கிடைக்கிற கிளிசரின். அதுவும் ரப்பரைக் கெடுக்காது. தண்ணியில கரையற சாமான், அதனால நாள்பட நிக்காது, அவ்வளவுதான்.

கடைசியா வாட்டர் சர்வீஸைப் பத்தி. அங்க வேலை செய்யற பசங்களை நான் குத்தம் சொல்லலை. அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? வாடிக்கையாளர் பளபளப்பைக் கேக்கறார், அவங்க டீசலையும் பழைய ஆயிலையும் அடிச்சுக் கொடுக்கறாங்க. ஆனா உங்க வண்டி அடியில சக்கரத்தைத் தாங்கற இடத்துல எல்லாம் ரப்பர் புஷ் இருக்கு. அதுக்கும் டீசல் ஆகாது. நீங்க காசு கொடுத்து உங்க வண்டியையே கெடுத்துக்கறீங்க.

அதோட முடியலை. அந்த டீசல் எங்க போகுது? எங்க ஊர் ரோட்டோரத்துல இருக்கிற ஒரு சர்வீஸ் தண்ணி சாக்கடை வழியா நேரா கொப்பு வாய்க்கால்ல விழுது. தண்ணி மேல வானவில் மாதிரி கலர் கலரா மிதக்கும். குழந்தைங்க அழகா இருக்குன்னு நின்னு பார்க்கும். அந்தத் தண்ணிதான் கீழ வயலுக்குப் போகுது, மாடு குடிக்குது. நீங்க வார சந்தையில வந்து "இது இயற்கை முறையில விளைஞ்சதா?"ன்னு எங்களைக் கேள்வி மேல கேள்வி கேக்கறீங்க. கேளுங்க, கேக்கத்தான் வேணும். அதே வாயால வாட்டர் சர்வீஸ்ல "தம்பி, டீசல் அடிக்காதே, வெறும் தண்ணியும் ஷாம்பும் போதும்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காசு கொடுக்கிற நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க. நான் சொன்னா "போய்யா விவசாயி"ம்பாங்க, சொல்லியும் இருக்காங்க.

"நீங்க ரசாயன உரமே போடாதவர், ரப்பருக்கு மட்டும் சிலிகான் போடச் சொல்றீங்களே"ன்னு ஒருத்தர் மடக்கினார். ஐயா, நான் யூரியாவைக் குறைச்சது என் மண்ணுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பார்த்து. ரப்பருக்கும் அதே கணக்குத்தான். மண்ணு உயிருள்ளது, அதுக்குச் சாணமும் தழையும் வேணும். கார் ரப்பர் பாக்டரியில செஞ்ச சாமான், அதுக்கு எது ஆகும்னு செஞ்சவனைத்தான் கேக்கணும். கிராமத்து அறிவுங்கிறது எல்லாத்துக்கும் எண்ணெய் தடவறது இல்லீங்க. எதுக்கு எது ஆகும்னு பொறுமையாப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுதான். எங்க அப்பாருகிட்ட அது இருந்துச்சு. நான் கிரீஸ் அப்பின அன்னைக்கு என்கிட்ட இல்லாமப் போச்சு.

இன்னொருத்தர் சொன்னார், "நான் முப்பது வருஷமாக் கிரீஸ்தான் போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு. சந்தோஷமுங்க. எனக்கும் ஆறு மாசம் ஒண்ணும் ஆகலை. ஏழாவது மாசம்தான் அந்த வளைவு வந்துச்சு.

மாப்பிள்ளை, இதைப் படிச்சிருப்பீங்க. இந்த ஞாயித்துக்கிழமை வண்டியைக் கழுவி, தாளை வச்சுப் பார்த்துட்டு, அப்புறம் கடைக்குப் போங்க. அம்மணிகிட்டச் சொல்லி, குழந்தை ஏறினதும் கதவை வெளியில இருந்து ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. நான் இப்ப அப்படித்தான் செய்யறேன், புது ரப்பர் போட்ட பின்னாடியும்.

மணி நாலாச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வர்றேனுங்க.